இரவு எத்தனை பேர் படுக்கலாம்?

புறவழிச்சாலையோரத்துப் புது மண்டபத்தை மேலாளர் எங்களுக்கு முழுதும் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் சமையற்கட்டின் பின்கதவைத் திறந்தபோது ஈரச் சாம்பல் வாசனை வந்தது. அதுவரை அந்தக் கட்டடத்தில் மூக்குக்குக் கிடைத்ததெல்லாம் புதுப் பெயின்ட், ரூம் ஸ்ப்ரே, ஏ.சி. போட்டு மூடிவைத்த கம்பள நெடி இவைதான், பின்பக்கம் மட்டும் யாரோ முந்தின நாள் விருந்தில் கேஸ் தீர்ந்த அவசரத்துக்குச் செங்கல் கூட்டி, முந்திரி விறகு வைத்து எரித்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பாதி எரிந்த கட்டையில் இன்னும் புகை அடங்கவில்லை. "அது சமையல் கான்ட்ராக்டர் ஆளுங்க பண்ணதுங்க, விறகுக்கெல்லாம் இங்க அனுமதி கிடையாது" என்று மேலாளர் கதவைச் சாத்தினார், அக்கா ஜெனரேட்டருக்கு டீசல் யார் செலவு என்று கேட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டாள், நான் சாத்திய கதவுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம், நான் தாய்மாமன், அதனால் மண்டபம் பார்க்கக் கூடவே அலைவது என் பொறுப்பு. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நடத்துவதுதான் பழைய வழக்கம், பெண்ணை முதல் நாள் சாயங்காலம் அழைத்துப்போவார்கள், இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சம்பாதிக்கிறார்கள், செலவைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொள்வது என்று பேசியாகிவிட்டது, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதியே அக்காவுக்குப் பெரிய தொகை. மேலாளர் மேசைமேல் வைத்த தாளில் வாடகை ஒன்றரை லட்சம் என்று இருந்தது, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் 27,000, அதுவே எங்கள் தாத்தா காலத்தில் ஒரு வீடு வாங்கும் பணம், அதற்குக் கீழே மின்சாரம் மீட்டர்படி யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் மணிக் கணக்கு, துப்புரவுக்குத் தனி, குப்பைக்குத் தனி, பாத்திரம் வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதற்கும் ஒரு தொகை, மேடை அலங்காரம் அவர்கள் சொல்கிற ஆள்தான் செய்ய வேண்டும், முந்தின நாள் பிற்பகல் 3 மணிக்குச் சாவி, மறுநாள் 3 மணிக்கு மண்டபம் காலியாக இருக்க வேண்டும், தாமதமானால் திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள், சின்ன வயதில் ரேஷன் கார்டைப் படிப்பதும் அப்படித்தான்.

எனக்குச் சாம்பல் வாசனை போகவில்லை. நெல்லிக்குப்பத்தில் தாத்தா வீட்டுக் கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டியது ஞாபகத்துக்கு வந்தது, எழுபதுகளின் கடைசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம், ஆள் உயரத்துக்கு நீளமாகப் பள்ளம் தோண்டி, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, ஆயா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் முதல் விறகு உள்ளே போனது. தை மாதம், 1842-ல் தொடங்கிய அந்த ஊர்ச் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை உச்சத்தில் இருக்கும் காலம், ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் பாகு புளித்த வாசனை ஊர் முழுக்கப் படியும், கரும்பு வண்டிகள் இரவெல்லாம் வரிசையாக நகரும், மாட்டுக் கழுத்து மணிச் சத்தமும் வண்டிக்காரர்கள் பீடிப் புகையும் எங்கள் பந்தல் வரைக்கும் வரும், நாங்கள் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஓடும் வண்டியிலிருந்து கரும்பு உருவுவோம். பந்தலுக்குச் சவுக்குக் கம்பு கடற்கரைத் தோப்பிலிருந்து வந்தது, கீற்றை வெட்டி இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு முடைந்தார்கள், அந்தப் பச்சைக் கீற்றின் வாசனையும் ஓலை இடுக்கு வழியாக மண்தரையில் விழுந்த சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்களும் எனக்கு இன்றைக்கும் கல்யாணம் என்ற உடனே வருபவை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பந்தல், எதிர் வீட்டுத் திண்ணை மாப்பிள்ளைத் தோழர்களுக்கு, பக்கத்து வீட்டுக் கூடம் காய் நறுக்க, மூன்றாம் வீட்டுக் கிணறு சமையலுக்கு, யாரும் எதற்கும் வாடகை கேட்டதாகத் தெரியவில்லை, தெருவில் அடுத்த கல்யாணம் வந்தால் நம் வீட்டுத் திண்ணை அவர்களுக்குப் போகும், கணக்கு அப்படி நேர்ந்துவிடும்.

மூன்றாம் வீட்டுக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தவர் பெரியப்பா. அவர் எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார், குடிப்பது என்றால் மடக்கென்று குடிப்பதில்லை, முதல் வாயை நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடி, பிறகு விழுங்குவார். கடல் பக்கத்து ஊர்களில் பத்து வீடு தள்ளினால் கிணற்றுச் சுவை மாறும், உப்புக் கரிக்கிற தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, எவ்வளவு விறகு வைத்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும், சாம்பார் கெட்டால் பந்தியே கெட்டது என்பது அவர் கட்சி. "எடம் பெரிசா சின்னதான்னு பாக்காத, தண்ணி எப்படின்னு பாரு, ராத்திரி எத்தனை பேர் படுக்கலாம்னு பாரு, இது ரெண்டும் சரியா இருந்தா மத்தது தானா நடக்கும்" என்பார், ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர், எதையும் கை வைத்துப் பார்த்துதான் நம்புவார், கையில் எப்போதும் கிரீஸும் சீவலும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

ராத்திரி படுப்பதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்போது புரிந்ததில்லை, நெல்லிக்குப்பம் பந்தலை நினைக்கும்போது இப்போது அதுதான் முதலில் வருகிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தாத்தா தன் கையால்தான் ஏற்றுவார், மேன்டிலைக் கட்டி, பின்னால் சாய்ந்து பம்ப் அடித்து, புஸ்ஸென்று வெள்ளை வெளிச்சம் பரவியதும் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு மண்ணெண்ணெய்க் கையை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு ஜமக்காளம் விரிக்கச் சொல்வார். பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டை போட்டது, பரணிலிருந்து இறக்கியதால் எலிப்புழுக்கையும் வேப்பிலைச் சருகுமாக உதிரும், உதறிப் போட்டதும் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் நாங்கள், யார் கை யார் மேல் என்று தெரியாமல் கிடப்போம். பெரியவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. பத்து வருடமாகப் பேசாதிருந்த இரண்டு பங்காளிகள் வெற்றிலைத் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் பாக்கை வெட்டி வைப்பார், மற்றவர் எடுத்துப் போட்டுக்கொள்வார், பேச்சு இல்லை, விடியும் நேரத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொன்னதை ஆயா கேட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். விருந்துக்கு வந்திருந்தால் சாப்பிட்டுக் கையைக் கழுவிப் போயிருப்பார்கள், அங்கேயே படுத்ததால்தான் அது நடந்தது. ஆயா கடைசிப் பந்திக்குப் பிறகுதான் சாப்பிடுவாள், அதுவும் அடுப்புப் பக்கத்திலேயே, அடிப்பிடித்த பாயசத்தை வழித்துப் போட்டு, இலையில்லாமல், வெறுந்தட்டில்.

அந்தப் பந்தலை நான் முழுக்கப் புகழ மாட்டேன். யாருக்கு முதல் பந்தி, யாருக்குக் கடைசிப் பந்தி, யார் தெருப்பக்கம் வரலாம், யார் கொல்லைப்பக்கம் நின்று பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பந்தலில் எழுதாமல் எழுதியிருந்தது, கொட்டு அடித்தவர்களும் துணி வெளுத்தவர்களும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் அங்கே பார்த்ததில்லை. காசு கட்டினால் யாருக்கும் திறக்கும் கதவு, மேசை போட்டு இடம் கிடைத்த இடத்தில் உட்காரும் சாப்பாடு, இது மண்டபம் கொண்டுவந்த நன்மை, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் தன் மகன் கல்யாணத்தைத் தெருவில் வைக்கவில்லை. தொழிற்சங்கக் கட்டடத்து மொட்டைமாடியில், ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலத்தில் நடத்தினார். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் இயற்றி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகு, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும், புரோகிதரும் வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம். பெரியப்பா கொள்கைக்காகச் செய்தார், ஆனால் கணக்கும் தெரிந்தவர், ஆடியில் பந்தல்காரரும் சமையல்காரரும் மேளக்காரரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், காய்கறிச் சந்தையில் கூட்டம் இருக்காது, நாற்காலி கேட்ட அளவுக்குக் கிடைக்கும். ஆடிக் காற்றுதான் பாடாய்ப் படுத்தியது. ஷாமியானா துணி தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, இலை பறக்காமல் ஒவ்வொரு இலைக்கும் மூலையில் அரைச் செங்கல், தலைமை தாங்கியவர் பேசிய பேச்சில் பாதி மைக்கோடு காற்றில் போய்விட்டது, என்றாலும் ஆலையில் கரும்பு இறக்குகிறவர்களும் ஃபோர்மேன்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆயா முதல் முறையாக முதல் பந்தியில் உட்கார்ந்தாள், உட்கார வைத்தது பெரியப்பா. அவள் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஆலைப் புகைபோக்கியும் சிவந்த மேற்கு வானமும் தெரிந்தன. அன்றிரவும் அந்த மாடியிலேயே நாற்பது ஐம்பது பேர் படுத்தோம்.

கணக்குப் பார்த்து நடத்துகிற கல்யாணத்துக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு, திருவந்திபுரம். கடலூரிலிருந்து கொஞ்ச தூரம், கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதசுவாமி கோயில், எதிரே ஔஷதகிரி என்கிற சின்ன மலை, மேலே ஹயக்ரீவர், திருமங்கையாழ்வார் பாடிய தலம், வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த ஊர், ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அது முதலில் மொட்டை போடுகிற கோயில், பிறகு கல்யாணக் கோயில். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கோயிலிலும் மலைமேலுமாக ஒரே காலையில் நூறு கல்யாணம்கூட நடக்கும், ஊர்ச் சாலையில் வண்டி நகராது. சித்தி மகளுக்கு அங்கேதான் நடந்தது, சித்தப்பா இல்லாத வீடு, சித்தி தையல் மிஷின் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள், மண்டபம் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. விடிவதற்கு முன் இரண்டு வேனில் போய் இறங்கினோம், பக்கத்தில் பக்கத்தில் நான்கைந்து நாகஸ்வரம் வெவ்வேறு ராகத்தில், சந்தனமும் ஈரத் துளசியும் மொட்டைத் தலைகளில் பூசிய மஞ்சளும் கலந்த வாசனை, அரக்குப் பட்டும் மாலையுமாகப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள், ஆயா அப்போது கண் மங்கியவள், வேறு ஒரு பெண்ணின் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டாள், அந்தப் பெண் குனிந்து அவள் காலைத் தொட்டு எழுந்தாள், இரண்டு வீட்டாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், யாரும் திருத்தவில்லை. தாலி ஏறியதும் சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டுவிட்டு, ஆற்றங்கரை மரத்தடியில் பாய் விரித்து, வாளியில் கொண்டுபோயிருந்த புளியோதரையும் தயிர்சோறும் சாப்பிட்டோம். கொரோனா ஊரடங்கில் கோயில் வாசல் சாத்தியிருந்த முகூர்த்த நாட்களில்கூட ஜனங்கள் அங்கே வந்து, வெளியே சாலையில் நின்றபடி கோபுரத்தைப் பார்த்துத் தாலி கட்டிக்கொண்டார்கள், சித்தி அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

திருவந்திபுரத்தில் தாலி கட்டலாம் என்று அக்காவிடம் நான் முதலிலேயே சொன்னேன், அவளுக்கும் சம்மதம்தான், மாப்பிள்ளை வீட்டில் மேடை வேண்டும் என்றார்கள், முந்தின நாள் ரிசப்ஷன் வேண்டும், அவர்கள் பக்கம் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள், அதிலும் தவறில்லை. இன்றைய ரிசப்ஷனில் எனக்குப் பிடிக்காதது செலவு மட்டுமில்லை. மேடைக்கு ஏறப் படிக்கட்டில் வரிசை, ஏறினால் ஒரு போட்டோ, இறங்கினால் சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னொரு வரிசை, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருக்க அவசரமாகச் சாப்பிட்டு, மூடியில் பெயர் அச்சடித்த டப்பாவை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் எல்லோரும் போய்விடுகிறார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். வேறு ஊரிலிருந்து வந்த கிழவிகள் மணமகள் அறைக் கட்டிலின் ஓரத்தில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்து தூங்குகிறார்கள்.

கல்யாணம் தெருவிலிருந்து மண்டபத்துக்குப் போனது எங்கள் கண் முன்னாலேயே நடந்தது, வீடுகளில் கூடமும் திண்ணையும் போய்விட்டன, தெருவில் பந்தல் போட்டால் வண்டி போக வழியில்லை, ஓடாத சினிமாக் கொட்டகைகள் ஊருக்கு ஊர் மண்டபமாயின, எங்கள் ஊரில் நான் தரை டிக்கெட்டில் படம் பார்த்த கொட்டகையில் திரை இருந்த இடத்தில் இன்று மணமேடை இருக்கிறது. அரசாங்கமும் இதை ஒரு தொழிலாகப் பார்க்கத் தொடங்கியது, 1997-ல் மண்டப வாடகைக்குச் சேவை வரி வந்தது, தமிழ்நாட்டு மண்டப உரிமையாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது, வரி செல்லும் என்று 2004-ல் தீர்ப்பு, அன்று 5 சதவீதமாகத் தொடங்கியதுதான் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது 18 ஆயிற்று. பதிவு பெற்ற அறநிறுவனம் நடத்தும் வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவான மண்டபம் என்றால் இந்த வரி கிடையாது, இது பலருக்குத் தெரியாது, தெரிந்து கேட்கிறவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வளர்பிறை முகூர்த்தத்தில் காலியாகக் கிடைப்பது அரிது.

நாங்கள் ஒரு சமுதாயக் கூடமும் பார்த்தோம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், உள்ளாட்சி கட்டியது, வாடகை மிகக் குறைவு, நல்ல அகலம், காற்றோட்டம், வாசலில் புங்க மரம், ஆனால் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, தொட்டியில் காய்ந்த இலை, பாத்திரம் வைக்கும் அறையில் தேர்தல் காலத்துப் பலகைகள். அக்கா வாசலில் நின்று அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழைக்கென்று கட்டிய இடத்தில் ஒரு தாழ்ப்பாளும் ஒரு மோட்டாரும் இல்லாததால், கடன் வாங்கி ஒன்றரை லட்சத்து மண்டபத்துக்குப் போகிறார்கள், எனக்கு அன்று முழுவதும் கோபம் ஆறவில்லை.

கடைசியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். அப்பாவின் தங்கை, எண்பதைத் தாண்டியவள், வீட்டில் தனியாக விட முடியாது என்பதால்தான் காரில் ஏற்றிக்கொண்டோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் வியாபாரிகள் அறக்கட்டளை நடத்துகிற பழைய மண்டபம், ஏ.சி. கிடையாது, பார்க்கிங் கிடையாது, சிவப்பு சிமென்ட் தரை பல வருடக் காலடியில் வழவழவென்று ஆகியிருந்தது, உயரமான ஜன்னல்கள் வழியாகப் பதினோரு மணி வெயில் நீளப் பட்டைகளாகத் தரையில் கிடந்தது, ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் யாருடைய உபயம் என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது, அதில் பாதிப்பேர் இன்று இருக்க மாட்டார்கள். சாவி வைத்திருந்த பெரியவர் எங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டார், திறக்கும்போது கொக்கியைத் தட்டிப் பார்த்து மாட்டுவது அவர் பழக்கம் போலிருக்கிறது, ஒன்றைக்கூட விடவில்லை. அக்கா மின்சாரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். அத்தை நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், உள்ளங்கையால் தரையை இரண்டு தரம் தடவினாள், கையைத் திருப்பித் தூசு இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

பெரியவர் பின்பக்கக் கிணற்றடிக் குழாயிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முதல் வாயை நாக்கில் நிறுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டாள். பெரியப்பா போய்ப் பல வருடமாகிறது, அவர் தங்கைக்கும் அந்தப் பழக்கம் இருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன், இல்லை, இருவருக்கும் அது நெல்லிக்குப்பத்துத் தாத்தாவிடமிருந்து வந்திருக்கும்.

"பருப்பு வேகும்" என்றாள். பிறகு பெரியவரைப் பார்த்து, "ஏங்க, ராத்திரி எத்தனை பேரு படுக்கலாம் இங்க?" என்று கேட்டாள்.

"கீழ எழுபது பேரு தாராளமா படுக்கலாம்மா. மாடியிலயும் இடம் இருக்கு. பாய் நாப்பது கெடக்குது, வெயில்ல போட்டு எடுத்துத் தரேன். மொத நாளு காலையிலயே வந்துடுங்க, அன்னிக்கு வேற ஒண்ணும் இல்ல, அதுக்குன்னு தனியா ஒண்ணும் வாணாம்."

புறவழிச்சாலை மண்டபத்து மேலாளரிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தேன். ரூம் நான்கு இருக்கிறது, ஹாலில் கம்பளம் போட்டிருப்பதால் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார், மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேலும் குறையில்லை, அவருக்கு மறுநாள் சாயங்காலம் அடுத்த கல்யாணம் இருக்கிறது, மணி பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு அங்கே கிடைப்பது ஒரு நாள், அந்த ஒரு நாளில் உறவினர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்ல நேரம் இருக்கிறது, உட்கார்ந்து பாக்கு வெட்ட நேரம் இல்லை.

பெரியவரிடம் வாடகை கேட்டோம், 35,000, வரியோடு 41,300. தேய்பிறை முகூர்த்தம், புதன்கிழமை, அதனால்தான் காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் அக்கா போனில் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு, "ஏ.சி. இல்லன்னா போவுது சம்பந்தி, தை மாசம்தானே, எங்க அம்மாவுக்குக் காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் இருந்தா சரி" என்றார், அவர்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருக்கிறாள் என்று அக்கா சிரித்தாள். மிச்சமான பணத்தில் ஒரு பங்கை மணமக்கள் பெயரில் அஞ்சலகத்தில் போடுவதென்றும், ஒரு பங்கைச் சமையலுக்குக் கூட்டிக்கொள்வதென்றும் பேசி முடிவாயிற்று. மேடைக்குப் பின்னால் மின்விளக்குச் சுவர் இருக்காது, வாழைமரமும் மாவிலைத் தோரணமும் உண்டு, மருமகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, அவளுடைய தோழிகளின் கல்யாணத்தில் எல்லாம் இருந்ததை அவள் இல்லாமல் விட வேண்டியிருக்கிறது, அந்த வருத்தத்தையும் நான் மதிக்கிறேன், பூ வேலைக்கு நல்ல ஆளாகப் பார்த்து வைப்பது தாய்மாமன் பொறுப்பு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மண்டபம் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள வயதானவர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், அவர் எங்கே உட்காருகிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார், கழிப்பறைக்கு எத்தனை படி ஏறுகிறார் என்று கவனியுங்கள், மின்சாரம், துப்புரவு, டெபாசிட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதையும், சாவி எத்தனை மணிக்கு எத்தனை மணிவரை என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். வெளியூர்ச் சொந்தம் வருகிற கல்யாணம் என்றால், விளக்கையும் மேடையையும் பார்ப்பதற்கு முன்னால், இரவு எத்தனை பேர் படுக்கலாம் என்று கேளுங்கள்.